தரகுக் கூலியும் கைமாற்று லாபமும்: நிலத் தொழிலில் ஹலாலின் எல்லை

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ஸய்யிதினா முஹம்மதின் வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃது.

அல்லாஹ்வை அஞ்சிக்கொள்ளுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்து கொள்கிறேன்.

இந்த வாரம் நாம் பேசப்போகும் விஷயம் நம் வீட்டு வாசலில் நடப்பது. குன்றத்தூர், மாங்காடு, படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று எந்தப் பக்கம் வண்டியை ஓட்டினாலும் சாலையோரத்தில் மனை விற்பனைப் பலகை இல்லாத இடமில்லை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸான் வந்தது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை வந்தது. 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்குப் பின்னும் நிலத்தைத் தேடி வருகிறவர்களும் நிலத்தைக் காட்டுகிறவர்களும் பெருகினார்கள்.

நம் ஜமாஅத்து இளைஞர்களிலும் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே ஓய்வு நாளில் இடம் காட்டுகிறவர்கள் உண்டு. வேலையை விட்டுவிட்டு முழு நேரமாக இறங்கியவர்களும் உண்டு. இவர்கள் முன்னால் இப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, முறைப்படி பதிவு செய்துகொண்டு தரகராக இருந்து கமிஷன் வாங்குவது. இன்னொன்று, சொந்தப் பணம் அதிகம் போடாமல் ஒரு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டு, பத்திரம் பதிவதற்கு முன்பே அதை வேறொரு பார்ட்டிக்குக் கை மாற்றி, நடுவில் இருக்கும் வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது. யூடியூபில் இதைச் சொல்லித்தர வகுப்பே நடக்கிறது. அமெரிக்காவில் இதற்கு ‘ஹோல்சேலிங்’ என்று பெயர். அங்கேயும் இதில் புகார்கள் வந்து, இல்லினாய்ஸ் மாநிலம் 2019இல் இதை வழக்கமாகச் செய்கிறவர் தரகர் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது.

இரண்டில் எது ஹலால், எது ஹராம் என்று கேட்கிறார்கள். பதில் ஒரு சொல்லில் அடங்காது. ஆனால் அந்தப் பதிலின் உயிர் ஒன்றுதான். நீங்கள் தரகராக நிற்கிறீர்களா, வாங்குபவராக நிற்கிறீர்களா என்பது எதிரே இருக்கும் மனிதருக்குத் தெரிய வேண்டும். தரகரின் கூலி ஹலால். வியாபாரியின் லாபம் ஹலால். தரகராக உட்கார்ந்து பேசி, வியாபாரியாக லாபத்தை எடுத்துக்கொண்டு போவதில்தான் அமானிதம் உடைகிறது.

*தரகு கண்ணியமான தொழில்*

புரோக்கர் என்றாலே ஒரு மாதிரியாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மார்க்கம் அப்படிப் பார்க்கவில்லை. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தங்கள் ஸஹீஹ் நூலில் தரகுக் கூலிக்கென்றே தனிப் பாடம் அமைத்திருக்கிறார்கள். இப்னு ஸீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகிய தாபிஈன்கள் தரகரின் கூலியில் எந்தக் குற்றமும் இல்லை என்று கருதியதை அதில் பதிவு செய்கிறார்கள்.

இன்னும் அழகான ஒரு செய்தியைக் கேளுங்கள். மதீனா கடைவீதியில் வணிகம் செய்தவர்களை மக்கள் ‘ஸமாஸிரா’, அதாவது தரகர்கள் என்று அழைத்து வந்தார்கள். ஒரு நாள் பெருமானார் (ஸல்) அவர்கள் அங்கே வந்து, அதைவிடச் சிறந்த ஒரு பெயரால் அவர்களை அழைத்தார்கள். வணிகர்களே என்று கூப்பிட்டார்கள். கைஸ் பின் அபீ கரஸா (ரலி) அவர்கள் இதைச் சந்தோஷத்தோடு அறிவிக்கிறார்கள். திர்மிதீ, அபூதாவூத் முதலிய நூல்களில் இந்த ஹதீஸ் இருக்கிறது. கூடவே ஒரு எச்சரிக்கையும் செய்தார்கள்: கொடுக்கல் வாங்கலில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடும், ஆகவே அதனோடு தர்மத்தையும் கலந்துகொள்ளுங்கள் என்றார்கள்.

பாருங்கள், தொழிலுக்கு மரியாதை கொடுத்தார்கள். அந்தத் தொழிலில் எங்கே அழுக்கு சேரும் என்பதையும் காட்டினார்கள். அதைக் கழுவும் வழியையும் சொன்னார்கள்.

தரகுக் கூலி ஹலாலாக இருக்க இரண்டு விஷயங்கள் வேண்டும். கூலி எவ்வளவு என்பது முன்பே பேசப்பட்டிருக்க வேண்டும். யாருக்காக வேலை செய்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் கமிஷன் வாங்குவதானால் அது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

*12 லட்சம் யாருடையது?*

ஒரு உதாரணம் சொல்கிறேன். கணக்குக்காகச் சொல்லும் உதாரணம்தான். ஒரு பெரியவரிடம் ஒரு கிரவுண்ட் இடம் இருக்கிறது. 2,400 சதுர அடி. மகள் கல்யாணத்துக்காக விற்க வேண்டும். நம் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, “நல்ல பார்ட்டியாகப் பார்த்துக் கொடுப்பா” என்கிறார். தம்பி விசாரிக்கிறார். சதுர அடி 2,500 ரூபாய்க்கு வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார். மொத்தம் 60 லட்சம்.

தரகராக நின்றால் 2 சதவீதம் பேசியிருந்தால் 1,20,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் தம்பி பெரியவரிடம் போய், “இப்போ மார்க்கெட் டல்லா இருக்கு அத்தா, 2,000 ரூபாய்க்கு மேல யாரும் கேக்க மாட்டேங்குறாங்க. நானே ஒரு பார்ட்டி பேர்ல அக்ரிமெண்ட் போட்டுடுறேன்” என்கிறார். 48 லட்சத்துக்கு அக்ரிமெண்ட். ஒரு சிறு தொகை அட்வான்ஸ். மூன்று மாதத் தவணை. மூன்றாவது வாரமே 60 லட்சம் கொடுக்கும் ஆளை அழைத்து வந்து நேராக அவர் பெயருக்கே கிரயம் செய்துவிடுகிறார். நடுவில் 12 லட்சம். தரகுக் கூலியைப் போலப் பத்து மடங்கு. “என்னுடைய சாமர்த்தியம், என்னுடைய லாபம்” என்கிறார்.

இதற்கு நேர் எதிரே ஒரு ஸஹாபியின் வரலாறு இருக்கிறது. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கே இரண்டு ஆடுகளை வாங்கிவிட்டார். அதில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றார். கையில் ஒரு ஆடு, கூடவே அந்த ஒரு தீனார். என்ன செய்தார்? ஆட்டை மட்டும் கொடுத்துவிட்டு, தீனார் என் சாமர்த்தியத்துக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளவில்லை. ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து நபியவர்கள் முன் வைத்தார். நபி (ஸல்) அவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆ செய்தார்கள். அதற்குப் பின் அவர் மண்ணை வாங்கினாலும் அதில் லாபம் பார்ப்பார் என்று அறிவிப்பாளர் சொல்கிறார். ஸஹீஹுல் புகாரீயில் உள்ள செய்தி இது.

இதிலிருந்து ஃபுகஹாக்கள் எடுக்கும் சட்டம் மிகத் தெளிவானது. ஒருவருக்கு வக்கீலாக, அதாவது பிரதிநிதியாக நின்று பேரம் பேசும்போது, உங்கள் திறமையால் கூடுதலாகக் கிடைத்தாலும் அந்தக் கூடுதல் உங்களை நியமித்தவருடையது. உங்களுடையது பேசிய கூலிதான். அந்த உதாரணத்தில் 12 லட்சம் பெரியவருடையது. மகளின் கல்யாணப் பணம் அது.

*“மேலே கிடைப்பது உனக்கு” என்று சொல்லியிருந்தால்?*

உடனே ஒரு கேள்வி வரும். “ஹழ்ரத், இடத்துக்காரரே, ‘எனக்கு 50 லட்சம் வந்தால் போதும், மேலே எவ்வளவு வைத்து விற்றாலும் உனக்கு’ என்று சொல்லிவிட்டார். அப்போதும் தப்பா?”

இதற்கும் நம் முன்னோர்களிடம் பேச்சு இருக்கிறது. ஒரு துணியைக் கொடுத்து இன்ன விலைக்கு விற்றுவா, அதற்கு மேல் கிடைப்பது உனக்கு என்று சொல்வதில் குற்றமில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கருதினார்கள். இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் கருத்தும் இதுதான். ஆனால் பெரும்பாலான இமாம்கள் இதை ஏற்கவில்லை. கூலி எவ்வளவு என்று தெரியவில்லையே என்பது அவர்களின் காரணம். அப்படி விற்றுவிட்டால் அந்த வேலைக்கு ஊரில் வழக்கமாகக் கொடுக்கப்படும் கூலியே அவருக்கு உரியது என்றார்கள்.

ஆக, அனுமதித்தவர்களின் சொல்லை எடுத்தாலும் அங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைச் சொன்னவர் இடத்துக்காரர். விலை நிலவரம் தெரிந்து, மனமொப்பிச் சொன்னவர். நீங்கள் 60 லட்சத்துக்கு ஆளைக் கையில் வைத்துக்கொண்டு, மார்க்கெட் இல்லை என்று பொய் சொல்லி அவர் வாயிலிருந்து 50 லட்சம் என்று வரவைத்திருந்தால், அந்த அனுமதியே பொய்யின் மீது நிற்கிறது. ஸூரத்துந் நிஸாவின் 29ஆம் வசனத்தில், பிறர் பொருளைத் தவறான வழியில் உண்ணாதீர்கள் என்று தடுத்துவிட்டு, பரஸ்பரத் திருப்தியோடு நடக்கும் வணிகத்துக்கே அல்லாஹ் விலக்கு அளிக்கிறான். ஏமாற்றி வாங்கிய சம்மதம் திருப்தி ஆகாது.

பேணுதலான வழி என்ன? அடிப்படைக் கூலியை ஒரு தொகையாகப் பேசிக்கொள்ளுங்கள். எதிர்பார்த்ததைவிட நல்ல விலைக்கு விற்றுக்கொடுத்தால் சந்தோஷமாகக் கூடுதல் தருவது இடத்துக்காரரின் விருப்பம். அதில் யாருக்கும் சங்கடம் இல்லை.

*கையில் இல்லாததை விற்பது*

அடுத்தது, தரகராக இல்லாமல், “நான் வாங்குபவன்தான், எனக்காகத்தான் அக்ரிமெண்ட் போடுகிறேன்” என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்கிறவர்களின் நிலை. இங்கே இன்னொரு ஹதீஸைப் பார்க்க வேண்டும். ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. தம்மிடம் இல்லாத பொருளைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், அதைக் கடைவீதியில் வாங்கிக் கொடுக்கும் எண்ணத்தில் முன்கூட்டியே விற்கலாமா என்று கேட்டார்கள். உம்மிடம் இல்லாததை விற்காதீர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இன்னொரு ஹதீஸில், தன் பொறுப்பில் வராத பொருளிலிருந்து லாபம் எடுப்பதையும் தடுத்திருக்கிறார்கள். இவை திர்மிதீ, அபூதாவூத் முதலிய நூல்களில் உள்ளவை.

நிலம் விஷயத்தில் மத்ஹபுகளுக்கிடையே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. முழுமையாக வாங்கி முடித்த நிலத்தை, கைவசம் பெறுவதற்கு முன் விற்கலாம் என்று இமாம் அபூஹனீஃபா, இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் கூறினார்கள். நிலம் அழிந்துபோகும் பொருள் அல்ல என்பது அவர்களின் காரணம். இமாம் முஹம்மத், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அதையும் கூடாது என்றார்கள். ஆனால் கவனியுங்கள். இந்தக் கருத்து வேறுபாடு, வாங்கி முடித்த பிறகு உள்ள நிலையைப் பற்றியது. வாங்குவதாகப் பேசி மட்டும் வைத்திருப்பதைப் பற்றியது அல்ல.

நம் கையிலுள்ள அக்ரிமெண்ட் எது? நாட்டுச் சட்டமே இதைச் சொல்லிவிடுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54ஆம் பிரிவின்படி விற்பனை ஒப்பந்தம் மட்டும் அந்தச் சொத்தின் மீது எந்த உரிமையையும் உண்டாக்காது. 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், அக்ரிமெண்ட், பவர், உயில் ஆகியவற்றால் சொத்துரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் மாறும் என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2012 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் சொத்து சம்பந்தமான பவர் பத்திரத்தையும் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நடைமுறையில் எத்தனையோ பேரம் முத்திரைத்தாளில் எழுதிய ஒரு காகிதத்தோடு நிற்கிறது.

உங்களுக்கு நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது பார்ட்டி வரவில்லை என்றால், தவணை முடியும் நாளில் 48 லட்சத்தைக் கொடுத்து அந்த இடத்தை நீங்கள் வாங்குவீர்களா? வாங்குவேன், அதற்குப் பணமும் வைத்திருக்கிறேன் என்றால் நீங்கள் வியாபாரி. விலை இறங்கினால் நஷ்டம் உங்களுடையது. அந்த ஆபத்தைச் சுமந்ததற்காகத்தான் லாபம் உங்களுக்கு ஹலாலாகிறது. பலன் என்பது பொறுப்போடு சேர்ந்தது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. இந்தப் பக்கத்தில் ஆபத்து என்பது வெறும் வார்த்தை அல்ல. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். எந்த அறிவிப்பும் எப்போதும் ஏறுமுகமாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

“பார்ட்டி வரவில்லை என்றால் அக்ரிமெண்ட்டை விட்டுவிடுவேன், அல்லது இழுத்தடிப்பேன்” என்பதுதான் உண்மையான எண்ணம் என்றால், நீங்கள் வாங்கவே வரவில்லை. அந்த மனிதரின் இடத்தை மூன்று மாதம் கட்டிப் போட்டீர்கள். அவர் வேறு ஆளுக்கு விற்க முடியாமல், கல்யாணத் தேதியும் நெருங்கி, வட்டிக்குக் கடன் வாங்கும் நிலைக்குத் தள்ளப்பட்டால், அதில் உங்களுக்குப் பங்கு இல்லையா? ஸூரத்துல் மாயிதா முதல் வசனத்திலேயே, ஈமான் கொண்டவர்களை அழைத்து ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சொல்கிறான் அல்லாஹ். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கையெழுத்துப் போடுவது முஃமினுக்கு அழகா?

அக்ரிமெண்ட்டில் ஒரு வரி இருக்கும். தங்களுக்கோ தாங்கள் சொல்லும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன் என்ற பொருளில் எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரியில்தான் கைமாற்று முழுவதும் ஒளிந்திருக்கிறது. படிக்காத ஒரு தாய் அதன் கீழ் கைநாட்டு வைக்கிறார். அந்த வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டி, “நான் இதை இன்னொருவருக்கு அதிக விலைக்குக் கொடுக்கப் போகிறேன்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்க உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா? இருந்தால் விஷயம் வேறு. இல்லையென்றால் ஏன் இல்லை என்று உங்கள் உள்ளத்தைக் கேளுங்கள்.

*சந்தைக்கு வருமுன் மறித்தல்*

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் கிராமத்திலிருந்து சரக்கோடு ஒட்டகக் கூட்டம் மதீனாவுக்கு வரும். சிலர் ஊருக்கு வெளியே போய், சந்தை விலை தெரியாத அந்த மக்களை வழியிலேயே மறித்து மலிவாக வாங்கிவிடுவார்கள். இதை நபியவர்கள் தடுத்தார்கள். அப்படி யாராவது வாங்கிவிட்டால், சரக்குக்காரர் சந்தைக்கு வந்து விலையைத் தெரிந்துகொண்ட பிறகு வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு என்றார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இது இருக்கிறது.

இன்றைக்கு ஒட்டகக் கூட்டம் இல்லை. வெளிவட்டச் சாலைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் நெல் வயலை வைத்திருக்கும் விவசாயி இருக்கிறார். கணவர் மௌத்தான பின் பத்திரத்தை அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் விதவைத் தாய் இருக்கிறார். துபாயில் இருந்துகொண்டு இங்கே உள்ள மனையின் விலை தெரியாத சகோதரர் இருக்கிறார். அவர்கள் சந்தைக்கு வருமுன் நாம் வழியில் மறிக்கிறோம். நமக்குத் தெரிந்ததும் அவர்களுக்குத் தெரியாததும்தான் நம் மூலதனம் என்றால், அது என்ன மூலதனம்?

ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்களுக்காக அவருடைய பணியாளர் ஒரு குதிரையை 300 திர்ஹமுக்குப் பேசி முடித்தார். ஜரீர் (ரலி) குதிரையைப் பார்த்தார். சொந்தக்காரரிடம் போய், உன் குதிரை இதைவிட அதிகம் பெறும், 400க்குத் தருகிறாயா என்றார். அவர் சரி என்றதும், இன்னும் அதிகம் பெறும், 500க்குத் தருகிறாயா என்றார். இப்படியே ஏற்றி 800 திர்ஹம் கொடுத்து வாங்கினார். எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருக்கிறேன் என்பதே அவர் சொன்ன காரணம். தப்ரானீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்த செய்தி.

எல்லோரும் ஜரீர் (ரலி) ஆக முடியாமல் போகலாம். விலையைக் கேட்டவரிடம் பொய் சொல்லாமலாவது இருக்கலாமே! வியாபாரி தன் லாபம் எவ்வளவு என்று சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. ஆனால் மார்க்கெட் டல் என்று பொய் சொல்லவும், வாங்கும் எண்ணமே இல்லாத ஆளை அழைத்துவந்து, “இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க” என்று விலையை ஏற்றவும் இறக்கவும் அவருக்கு அனுமதி இல்லை. விலையை ஏற்றுவதற்காகப் பொய்யாக ஏலம் கேட்பதற்கு ‘நஜ்ஷ்’ என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் தடுத்த விஷயம் அது.

*வெயிலில் காட்டிய மனை*

வாங்குபவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரமாக இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள்.

நம் பகுதியில் ஈரம் எங்கே இருக்கிறது? செம்பரம்பாக்கம் ஏரியும் அடையாறும் நமக்குப் பக்கத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்தவர் யாரும் இங்கே இல்லை. சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் மனையைக் காட்டி விற்றுவிட்டு, கார்த்திகையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்பதை மறைத்தால், அது நனைந்த தானியத்தின் மேல் காய்ந்ததைப் பரப்பி வைத்த கதைதான். அங்கீகாரம் இல்லாத மனை, பாதையில்லாத மனை, புறம்போக்கு கலந்த மனை, கோர்ட்டில் வழக்குள்ள மனை, அக்கா தங்கையின் பாகத்தைக் கொடுக்காமல் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்ட மனை, எல்லாம் இதில் சேரும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை சொல்லித் தெளிவுபடுத்தினால் இருவருக்கும் பரக்கத், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்ற நபிமொழி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது.

கைமாற்றுக்காரருக்கு இங்கே ஒரு தனிச் சோதனை இருக்கிறது. பத்திரத்தில் அவர் பெயரே இருக்காது. விற்றவரிலும் இல்லை, வாங்கியவரிலும் இல்லை. நாளை வில்லங்கம் வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. இடத்தை வாங்கி விற்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்ட வேண்டும். 48 லட்சத்துக்கு அது 4,32,000 ரூபாய். அதைத் தவிர்க்கத்தான் பெயர் இல்லாமல் நடுவில் நிற்கிறார். காகிதத்தில் பெயர் இல்லாவிட்டாலும் கிராமன் காத்திபீன் எழுதும் ஏட்டில் பெயர் இருக்கிறது.

பதிவு செய்த தரகரின் நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா என்று சொல்கிறோமே, அதன் 9ஆம் பிரிவின்படி, அந்தச் சட்டத்தில் பதிவான லேஅவுட், அடுக்குமாடித் திட்டங்களில் விற்பனைக்கு உதவும் தரகர் பதிவு செய்திருக்க வேண்டும். 10ஆம் பிரிவு, பதிவாகாத திட்டத்தை விற்கக் கூடாது, கணக்குப் புத்தகங்கள் வைக்க வேண்டும், பொய் விளம்பரம் கூடாது, வாங்குபவருக்கு உரிய ஆவணங்களும் தகவல்களும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். பழைய தனி மனையின் மறுவிற்பனைக்கு இந்தப் பதிவு கட்டாயமில்லை என்றாலும், ஒழுங்கு அதேதான். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் ஸூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் ஓதும் உம்மத்துக்கு இந்தச் சட்டம் பாரமாகத் தெரியக் கூடாது.

*ஜமாஅத்தாருக்கும் ஒரு சொல்*

தரகர்களை மட்டும் கண்டித்துவிட்டு மிம்பரிலிருந்து இறங்கினால் அது அநியாயம். நாமும் அவர்களுக்கு அநீதி செய்கிறோம். வெயிலில் அலைந்து, பெட்ரோல் போட்டு, பத்து இடம் காட்டி, பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் எடுத்துக் கொடுக்கிறார் ஒரு தம்பி. இடம் பிடித்ததும் அவரைத் தள்ளிவிட்டு, விற்பவரும் வாங்குபவரும் நேரே பேசி முடித்துக் கமிஷனை ஏமாற்றுகிறார்கள். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வாதியாக நிற்பதாக அல்லாஹ் எச்சரிக்கும் ஹதீஸ் குத்ஸி புகாரீயில் இருக்கிறது. நேர்மையான தரகரின் 2 சதவீதத்தை நாம் கொடுக்காமல் விட்டால், மறைத்து எடுக்கும் 12 லட்சத்தின் பக்கம் அவரைத் தள்ளியவர்களில் நாமும் ஒருவராகிவிடுவோம்.

அக்ரிமெண்ட் போட்டு அட்வான்ஸ் வாங்கிய பிறகு, கூடுதல் விலைக்கு ஒருவர் வந்தார் என்று வாக்கை முறிக்கும் இடத்துக்காரர்களும் அல்லாஹ்வை அஞ்ச வேண்டும். ஒருவர் பேசி முடித்த வியாபாரத்தின் மேல் இன்னொருவர் புகுந்து பேசுவதையும் நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

*என்ன செய்யலாம்?*

இந்தத் தொழிலில் இருக்கும் என் சகோதரர்களே! மூன்று வழிகள் உங்களுக்குத் திறந்திருக்கின்றன.

ஒன்று, தரகராக இருங்கள். கமிஷனை முதல் நாளே பேசி, ஒரு காகிதத்தில் எழுதி, இரு பக்கத்துக்கும் தெரியப்படுத்துங்கள். வந்த விலை எதுவோ அதை அப்படியே இடத்துக்காரரிடம் சொல்லுங்கள்.

இரண்டு, வியாபாரியாக இருங்கள். பணம் இருந்தால் இடத்தை முழுமையாக வாங்குங்கள். உங்கள் பெயருக்குப் பதியுங்கள். பிறகு உங்கள் விலைக்கு விற்றுக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

மூன்று, பணம் போதவில்லை என்றால் கூட்டுச் சேருங்கள். பணம் ஒருவருடையது, உழைப்பு உங்களுடையது, லாபத்தில் இன்ன பங்கு என்று முன்பே பேசிக்கொள்ளும் முளாரபா நம் மார்க்கம் காட்டிய வழி. நபி (ஸல்) அவர்கள் கதீஜா (ரலி) அவர்களின் பொருளைக் கொண்டு வணிகம் செய்ததை நாம் அறிவோம்.

ஏற்கெனவே மறைத்து எடுத்த பணம் கையில் இருக்கிறது என்றால் தவ்பாவோடு அதற்கு ஒரு காரியமும் உண்டு. உரியவரைத் தேடிப்போய் திருப்பிக் கொடுப்பது, அல்லது உண்மையைச் சொல்லி ஹலால் வாங்குவது. பள்ளிக்கு ஏ.சி. வாங்கிக் கொடுப்பதால் அடுத்தவர் ஹக்கு தீராது. பெருமானார் (ஸல்) அவர்கள் வணிகர்களுக்குச் சொன்ன தர்மம், வாய் தவறி வந்த வீண் பேச்சுக்கும் சத்தியத்துக்கும்தான் பரிகாரம். பிறர் பொருளுக்குப் பரிகாரம் அந்தப் பொருளை அவரிடம் சேர்ப்பதுதான்.

கையில் அக்ரிமெண்ட் வைத்துக்கொண்டு சந்தேகத்தில் இருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு உலமாக்களிடம் வாருங்கள். வாசகம் மாறினால் சட்டமும் மாறும்.

யா அல்லாஹ்! எங்கள் தொழில்களில் பரக்கத் செய்வாயாக! உர்வா (ரலி) அவர்களுக்குக் கிடைத்த அமானிதத்தையும் ஜரீர் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த நலம் நாடும் உள்ளத்தையும் எங்களுக்கும் தருவாயாக! நிலத்தை நம்பி மகளின் திருமணத்தை எதிர்நோக்கியிருக்கும் தாய் தந்தையருக்கு நியாயமான விலையைக் கிடைக்கச் செய்வாயாக! சொந்த வீட்டுக்காகச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் எங்கள் தொழிலாளச் சகோதரர்களை ஏமாற்றுக்காரர்களிடமிருந்து காப்பாயாக! வேலை தேடும் எங்கள் இளைஞர்களுக்கு ஹலாலான ரிஸ்கின் வாசல்களைத் திறப்பாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.